எடுத்தவரும் எடுப்பித்தவரும்

போன வருஷம் மூவாரில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நடந்த ஒரு கட்டுரைப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். தலைப்பு 'என்னைக் கவர்ந்த தொழிலதிபர்'. வந்தவை 34 கட்டுரைகள். அதில் 21 ஆனந்தகிருஷ்ணனைப் பற்றி. அவர் 2024 நவம்பர் 28-இல் மறைந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் அது ஆச்சரியமில்லை. ஆச்சரியம் வேறு. 21 கட்டுரைகளும் ஒரே கட்டுரையாக இருந்தன. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தார், தமிழ்ப்பள்ளியில் படித்தார், எண்ணெய் வியாபாரத்தில் இறங்கினார், பல தடைகளைத் தாண்டினார், இரட்டைக் கோபுரம் எழுந்தது, ஃபோர்ப்ஸ் பட்டியலில் பெயர் வந்தது, மகன் துறவியானார், நாமும் உழைத்தால் உயரலாம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர்கள் எங்கிருந்து இந்த வடிவத்தை எடுத்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாளிதழின் ஞாயிறு மலருக்கு ஐந்து வருஷம் வெற்றிக்கதைகள் எழுதிக் கொடுத்தவன் நான். ஒரு கட்டுரைக்கு 60 வெள்ளி. சலூன் கடைக்காரர், லாரி முதலாளி, மருத்துவமனை உரிமையாளர் என்று ஆள் மாறும், கட்டுரை மாறாது. 'பல தடைகளைத் தாண்டி' என்ற சொற்றொடரை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. ஒருவர் வாழ்க்கையில் உண்மையிலேயே கதை இருக்கும் இடம் அந்த மூன்று சொற்களுக்குள்தான் புதைந்திருக்கும். அந்த இடத்தில்தான் நாங்கள் மூடி போட்டுவிடுவோம்.

இந்தக் கட்டுரை அப்படி நான் எழுதிய ஒன்றைப் பற்றிய விமர்சனம். பிறகு, ஏன் நம் இலக்கியமும் அந்த மூடியைத் திறக்கவில்லை என்பதைப் பற்றியும்.

2018-இல் எழுதியது அது. மலேசியாவின் ஹைபிஸ்கஸ் பெட்ரோலியம் என்ற நிறுவனம் அந்த ஆண்டு மார்ச் கடைசியில் ஷெல்லிடமிருந்து வட சபா கடல் எண்ணெய் வயல்களில் பாதிப் பங்கை வாங்கியிருந்தது. விலை 25 மில்லியன் அமெரிக்க டாலர். மீதிப் பாதி பெட்ரோனாஸ் சாரிகாலியுடையது. செயின்ட் ஜோசப், சவுத் ஃபூரியஸ், எஸ்.எஃப்.30, பார்ட்டன் என்று நான்கு வயல்கள். பழையவை, கிழடு தட்டியவை. அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரும் அதன் நிர்வாக இயக்குநருமான கென்னத் பெரேரா ஒரு பொறியாளர். அவரைப் பற்றி நான் எழுதிய முதல் வாக்கியம் இது: "வற்றிய கிணற்றில் எண்ணெய் ஊற வைத்த மனிதர்." எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியம்மா மகன் கூப்பிட்டார். பாசிர் கூடாங் பக்கம் ஒரு யார்டில் வெல்டராக இருந்து, பிறகு குத்தகையாளர்களிடம் கடலுக்குப் போய் 11 வருஷம் வேலை பார்த்தவர். அப்போது மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருந்தார். சாயங்காலம் தஞ்சோங் எமாஸில் சந்தித்தோம். பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஏண்டா தம்பி, எண்ணெய் எங்கடா ஊறும்? அது என்ன ஊத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"அது அங்கயேதான்டா இருக்கு. பாறை இடுக்குல. மேல தள்ற வேகம்தான் கொறஞ்சு போவுது. வத்திருச்சுன்னு யாருடா சொன்னா ஒனக்கு?"

பிறகு மேசையில் இருந்த தே ஐஸை வைத்தே விளக்கினார். குவளையில் தே தண்ணீர் தீர்ந்ததுபோலத் தெரியும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இன்னும் நிறைய இருக்கும். ஸ்ட்ராவை இடம் மாற்றி மாற்றிக் குத்தினால் வரும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் மேலே ஏறி வரும். எண்ணெய் வயலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு வயலிலிருந்து உலக சராசரியாக மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் வெளியே வருகிறது; மீதி பாறையிலேயே தங்கிவிடுகிறது. முதலில் நிலத்தடி அழுத்தமே எண்ணெயைத் தள்ளிவிடும். அழுத்தம் தளர்ந்ததும் பக்கத்தில் வேறொரு கிணறு வழியாகத் தண்ணீரைச் செலுத்தித் தள்ள வேண்டும். கிணற்றுக் குழாய்க்குள் வாயுவை விட்டு எண்ணெயைக் கனமில்லாமல் ஆக்கி மேலே ஏற்ற வேண்டும். பழைய கிணறுகளுக்கு இடையே விட்டுப்போன இடங்களில் புதுக் கிணறு போட வேண்டும். அடைத்துக்கொண்ட கிணற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். துருப்பிடித்த குழாயை வெட்டி எடுத்துப் புதுக் குழாயைப் பற்றவைக்க வேண்டும். கடைசி வாக்கியத்தில்தான் அண்ணன் இருக்கிறார்.

அவர் என்னிடம் "நான் எங்கடா இதுல?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை. ஒரு சொல்லைத்தான் திருத்தினார். ஆனால் 'ஊற வைத்தார்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் என் கட்டுரையில் எதுவும் மிஞ்சவில்லை. ஊற வைப்பது ஒரு அற்புதம். அதற்கு ஒரு ஆள் போதும். இருக்கிற எண்ணெயைத் துரத்திப் பிடிப்பது வேலை. அதற்கு நூற்றுக்கணக்கான பேர் வேண்டும்.

நடந்தது என்ன என்பதைப் பிறகு நான் நிதானமாகப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் எழுதியதைவிட எவ்வளவு நல்ல கதையைத் தவறவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஹைபிஸ்கஸ் 2011 ஜூலையில் மலேசியப் பங்குச்சந்தைக்கு வந்தது. வந்தபோது அதனிடம் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. 'நாங்கள் ஒரு தொழிலை வாங்கப் போகிறோம், எதை என்று இன்னும் தெரியாது, நம்பிப் பணம் கொடுங்கள்' என்று சொல்லிப் பணம் திரட்டும் வகை நிறுவனம் அது; மலேசியாவில் அந்த வகையில் முதலாவது. திரண்டது ஏறக்குறைய 235 மில்லியன் வெள்ளி. பெரும்பகுதியைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும், மூன்று வருஷத்துக்குள் எதையும் வாங்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2012-இல் ஒரு நிறுவனத்தில் பங்கு வாங்கினார்கள். எண்ணெய் தேடும் தொழில். அது எதிர்பார்த்தபடி போகவில்லை. 2015-இன் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் பாஸ் நீரிணையில் ஒரு கிணறு தோண்டினார்கள். வணிகத்துக்கு ஆகும்படி ஒன்றும் அகப்படவில்லை.

என் கட்டுரையில் இதெல்லாம் 'பல தடைகளைத் தாண்டி'.

அதே சமயம்தான் வெளியே உலகம் சரிந்துகொண்டிருந்தது. 2014 ஜூனில் பீப்பாய் 115 டாலர் வரை போன பிரெண்ட் எண்ணெய், 2016 ஜனவரியில் 28 டாலருக்கும் கீழே வந்தது. பெரிய நிறுவனங்கள் பழைய வயல்களைக் கழற்றிவிடப் பார்த்தன. ஷெல்லோ பி.ஜி. குழுமத்தை வாங்கிய பெரும் கடனை அடைக்க 30 பில்லியன் டாலர் சொத்துகளை விற்கப்போவதாகவே அறிவித்தது. 2015 ஆகஸ்டில் ஹைபிஸ்கஸ், வட கடலில் ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே உள்ள அனசூரியா வயல்களில் பாதியை வாங்க ஒப்புக்கொண்டது. 1996 முதல் எண்ணெய் எடுக்கப்பட்டு வரும் இடம். விலை 52.5 மில்லியன் டாலர். கைமாறியது 2016 மார்ச்சில். அந்த இடைப்பட்ட ஏழு மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒப்புக்கொண்டபோது எண்ணெய் 50 டாலர் அளவில். ஜனவரியில் அதில் கிட்டத்தட்ட பாதி. கையில் பணம் குறைவு, பங்கு விலை இருபது காசு அளவில் கிடக்கிறது, ஆஸ்திரேலியக் கிணறு பொய்த்துவிட்டது. வாங்குவதா, பின்வாங்குவதா? வாங்கினார்கள். அதுதான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது. அதில் நிலைத்த பிறகே வட சபாவுக்கு வர முடிந்தது; 2018-இல் பங்கு ஒரு வெள்ளியைத் தாண்டியது.

அந்த முடிவை எடுத்தவர்களின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஏழு மாத இரவுகளை ஒரு நல்ல நாவலாசிரியன் எழுத வேண்டும். என் எதிர்ப்பு அவர்கள் மேல் இல்லை, என் உரைநடை மேல்.

ஏனென்றால் அதே ஜனவரி எங்கள் வீட்டிலும் வந்தது. எண்ணெய் விலை விழுந்ததும் கடலில் திட்டங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அடுத்த நான்கு ஆண்டில் 50 பில்லியன் வெள்ளி வரை செலவைக் குறைக்கப்போவதாக பெட்ரோனாஸ் 2016-இல் சொன்னது. அப்படி மேலே ஒரு எண் சொல்லப்படும்போது கீழே குத்தகையாளருக்குக் குத்தகையாளர் என்று நான்காவது படியில் நிற்கும் வெல்டருக்கு அது எப்படி வந்து சேரும் என்று தெரியுமா? ஒரு வாட்ஸ்ஆப் செய்தியாக வரும். 'அடுத்த டிரிப் இல்ல, கூப்பிடுறோம்.' கூப்பிடவில்லை. காண்ட்ராக்ட் ஆள் என்பதால் இழப்பீடும் பெரிதாக இல்லை. கிடைத்ததில் மூவாயிரம் வெள்ளிக்கு அண்ணன் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் பங்கை வாங்கினார். "விலை ஏறுனா நமக்குக் கொஞ்சம் வரட்டுமே" என்றார். அது எந்த நிறுவனம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தஞ்சோங் எமாஸில் அன்றைக்குத்தான் சொன்னார்: ஹைபிஸ்கஸ். கதை இங்கே முடிந்தால் அதுவும் ஒரு ஞாயிறு மலர் கட்டுரையாகிவிடும். ஆனால் நாற்பது காசு ஏறியபோதே விற்றுவிட்டார். மகளுக்கு மெட்ரிகுலேஷன் விடுதிக்குப் போக சாமான் வாங்க வேண்டியிருந்தது.

ஒருவருக்கு மலிவு விலை, இன்னொருவருக்கு வேலை போனது. இரண்டும் ஒரே விலைச்சரிவு. நான் எழுதியது அதில் ஒரு பக்கத்தை மட்டும், அதையும் தப்பாக.

இங்கே ஒரு இலக்கண விஷயம். வெற்றிக்கதைகளின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். கட்டினார், எடுத்தார், மீட்டார், உருவாக்கினார். எல்லாம் தானே செய்ததாகச் சொல்பவை. தமிழில் இதற்கென்றே ஒரு பிறவினை இருக்கிறது: எடுப்பித்தல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் அந்தக் கற்றளியைத் தான் 'எடுப்பிச்ச'தாகத்தான் சொல்கிறான். சோழப் பேரரசன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்ட 'பிச்ச' என்ற அந்த மூன்று எழுத்தை நம் காலத்துத் தொழிலதிபருக்காக எழுதும் நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. அது மட்டுமில்லை. அதே கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், யாருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டப்பட்டிருக்கின்றன. கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது. மன்னர் புகழ் பாடவே எழுந்த சுவர் அது, ஜனநாயக ஆவணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதில் இருக்கிற அளவு மனிதர்கள்கூட என் 60 வெள்ளிக் கட்டுரையில் இல்லை.

ஆனந்தகிருஷ்ணன் கட்டுரைகளும் இப்படித்தான். 'சுயமாக உயர்ந்தவர்' என்ற பதத்தை அவருக்குப் போடும்போது எதையெல்லாம் அழிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். அவர் மெல்போர்னில் படித்தது கொழும்புத் திட்ட உதவித்தொகையில், அது பொதுப்பணம். பெட்ரோனாஸின் இயக்குநர் குழுவில் இருந்தார். 1974-இல் நாட்டின் எண்ணெய் வளம் முழுவதையும் சட்டத்தால் தன் கையில் பெற்ற அரசு நிறுவனம் அது. அவருடைய புமி அர்மடா கடலில் எண்ணெய் எடுத்துச் சேமித்து வைக்கும் மிதவைக் கப்பல்களை வயல்களுக்கு வாடகைக்கு விடும் நிறுவனம். மும்பைக் கடலிலிருந்து வட கடல் வரை அதன் கப்பல்கள் நின்றன. தற்செயலாக அதுவும் ஹைபிஸ்கஸ் சந்தைக்கு வந்த அதே 2011 ஜூலையில்தான் சந்தைக்குத் திரும்பியது. அதே 2016 மார்ச்சில், ஹைபிஸ்கஸ் அனசூரியாவை வாங்கிய அதே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் பால்நேவ்ஸ் வயலில் நின்ற அர்மடா கிளேர் கப்பலின் ஒப்பந்தத்தை வுட்சைடு நிறுவனம் முறித்துக்கொண்டது. வழக்குப் போட்டும் அர்மடா தோற்றது. இந்த நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப் பணக்காரரையும் கடல் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறது. 21 கட்டுரைகளில் ஒன்றில்கூட இது இல்லை. தோல்வி இருந்தால் மதிப்பெண் குறையும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது? நாங்கள்தான்.

சரி, இது நாளிதழ் எழுத்தின் குறை. இலக்கியம் என்ன செய்தது?

மலேசியத் தமிழ் இலக்கியத்தைக் கித்தா மரத்தை விலக்கிவிட்டுப் பேச முடியாது. பால்மரம், பிரட்டு, கங்காணி, கிராணி, லயம், ஆயக்கொட்டகை: இந்தச் சொற்களைத் தோட்டத்தையே பார்க்காத என் வயதுக்காரர்களும் கதைகள் வழியாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அகிலன்கூட 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஆனால் என் தலைமுறையின் நாடு எண்ணெயில் ஓடிய நாடு. ஐம்பது வருஷமாக நம் சாலை, பள்ளி, உபகாரச்சம்பளம், பெட்ரோல் மானியம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நம் ஆட்கள் அதில் வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர், சமையல்காரர், பொறியாளர். இருந்தும் நான் படித்த அளவில், மேடையைத் தன் களமாகக் கொண்ட ஒரு மலேசியத் தமிழ் நாவல் என் நினைவுக்கு வரவில்லை. இருந்தால் வாசகர்கள் எனக்கு எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதில்லை. 1992-இல் அமிதவ் கோஷ் ஒரு மதிப்புரையில் இதைத்தான் கேட்டார்: நறுமணப் பொருள் வியாபாரத்துக்கு இலக்கியம் உண்டு, எண்ணெய்க்கு ஏன் இல்லை? அவர் மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது அப்துல் ரஹ்மான் முனீஃபின் 'உப்பு நகரங்கள்' நாவல்தொகுதி. முனீஃப் எண்ணெய்ப் பொருளாதாரம் படித்து, அந்தத் தொழிலிலேயே வேலை பார்த்தவர். சவுதி அரசு அவர் குடியுரிமையைப் பறித்தது. நாவலின் முதல் பாகத்தில் ஒரு பாலைவனச் சோலையில் அமெரிக்கர்கள் வந்து இறங்குகிறார்கள். மரங்களைச் சாய்க்கிறார்கள். மித்தெப் அல் ஹதால் என்ற மனிதர் ஒட்டகத்தில் ஏறிப் போய் மறைந்துவிடுகிறார். அவர் போன பிறகும் நாவல் முழுக்க அவர் இருந்துகொண்டே இருக்கிறார். எண்ணெய் யாருக்குப் பணமானது என்பதைவிட, அது வந்ததும் யார் காணாமல் போனார்கள் என்று கேட்ட நாவல் அது.

கோஷ் சொல்லும் காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. நாவல் ஒரு ஊருக்குள், ஒரு மொழிக்குள் சௌகரியமாக உட்காரப் பழகியது. எண்ணெய் உலகத்துக்கு ஊரும் இல்லை, ஒரே மொழியும் இல்லை. அண்ணன் இருந்த பார்ஜில் இபான், பிலிப்பைன்ஸ்காரர், பஜாவ், இந்தோனேசியர், ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர், இரண்டு தமிழர். சண்டை மலாயில், பாதுகாப்புக் கூட்டம் ஆங்கிலத்தில், தூக்கத்தில் உளறுவது மட்டும் அவரவர் மொழியில்.

ஆனால் அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். தோட்டம் நமக்குக் கதை கொடுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. தோட்டம் குடும்பத்தோடு ஆளை வைத்திருந்தது. லயத்தில் பெண் இருந்தாள், பிள்ளை இருந்தது, கோயில் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, சாவு வீடு இருந்தது. துரை காலையில் குதிரையிலோ காடியிலோ வந்து போவார். எதிரி யார் என்று கண்ணுக்குத் தெரியும். கடல் மேடை ஆளை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொள்கிறது. 28 நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறது. அங்கே பிறப்பும் இல்லை, கல்யாணமும் இல்லை. துரை என்பவர் ஒரு பங்கு விலை. ஆகவே மேடையில் கதை கிடையாது என்று எழுத்தாளன் நினைத்துவிட்டான். கதை மேடையில் இல்லைதான். அது அந்த 28 நாளும் மூவாரிலோ, மீரியிலோ, லூமூட்டிலோ வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

விலைச்சரிவுக் கதையும் நமக்குப் புதிதில்லை. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரமாயிரமாகத் தமிழ்த் தொழிலாளர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். எங்கள் பாட்டனார் அப்போது மூவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சிறுவன். அவருடைய சித்தப்பா குடும்பம் போய்விட்டது, திரும்பவில்லை. அன்றைக்கும் லண்டனில் யாரோ ஒருவர் மலிவாகத் தோட்டம் வாங்கியிருப்பார். அவரைப் பற்றியும் யாரோ ஒருவன் புல்லரிக்க எழுதியிருப்பான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எண்ணெய் என்றால் வேறு படம் வரும்: காவிரிப் படுகை, 2017-இல் நெடுவாசல், வயலைக் காக்க உட்கார்ந்த பெண்கள். அங்கே எண்ணெய் நிலத்தைப் பறிக்க வருகிறது, அதனால் அதற்கு எதிர்ப்புக் குரல் உடனே கிடைக்கிறது. எங்களுக்கு நிலம் எப்போதுமே எங்களுடையதாக இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அது எங்களுக்கு வெற்றிக்கதையாக மட்டும் வந்து சேர்ந்தது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த 34 கட்டுரைகளில் ஒன்று தொழிலதிபரைப் பற்றியதே இல்லை. நான்காம் படிவ மாணவி. அப்பா சபா கடலில் சாரம் கட்டுபவர் என்று தொடங்கியிருந்தாள். பழைய மேடையில் துருவைச் சுரண்டிச் சாயம் பூச முதலில் சாரம் கட்ட வேண்டுமாம், சாயம் பூசி முடித்ததும் அதைப் பிரிக்க வேண்டுமாம். "அதனால் அப்பா செய்த எதையும் யாரும் பார்க்க முடியாது" என்று எழுதியிருந்தாள். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பது எப்படி என்று நீச்சல் குளத்தில் தலைகீழாகக் கவிழ்த்துப் பயிற்சி கொடுத்ததை அப்பா சிரித்துக்கொண்டே சொன்னதையும், அம்மா சிரிக்காததையும் எழுதியிருந்தாள். மூன்று சந்திப்பிழை, இரண்டு ஒற்றுப்பிழை. முடிவில் பழமொழி இல்லை.

அதன் மேல் சிவப்பு மையில் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று எழுதி 100-க்கு 28 போட்டது நான். மற்ற இரண்டு நடுவர்களும் அதற்கு ஒத்துக்கொண்டார்கள், விதிப்படி அது சரிதான். முதல் பரிசு ஓர் ஆனந்தகிருஷ்ணனுக்குப் போனது. பரிசளிப்பு முடிந்து தாள்களைக் கட்டும்போது அந்த ஒரு கட்டுரையை மட்டும் திரும்ப எடுத்துப் படித்தேன். ஏற்பாட்டாளரிடம் அதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். சிவப்பு மையோடு அது அவளிடம் திரும்பிப் போய்விட்டது.